உழுது மறைந்த ஈமமேட்டைத் தோண்டுவது எப்படி: அகழியிலிருந்து தொடங்குங்கள்

கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குத் தொல்லியல் படிக்கப் போகிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் இப்படி ஒரு வேலையில் போய் நிற்பதுண்டு. ஒரு கோதுமை வயல். அதில் நாலாயிரம் வருடப் பழைய வெண்கலக் கால ஈமமேடு, அதாவது இறந்தவரைப் புதைத்து மேலே குவித்த மண்மேடு, ஒன்று இருக்கிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் மேடே இருக்காது. தலைமுறை தலைமுறையாக ஏர் ஓடி, அப்புறம் டிராக்டர் ஓடி, எல்லாம் தரைமட்டம். தென் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் அப்படிப்பட்ட வயல்களில் மாணவக் காலத்தில் நானும் வேலை செய்தேன். இப்போது வெள்ளவத்தை வீட்டு மேசையில், போகப்போகிற பிள்ளைகளுக்கு மண் அடுக்குகளை வரையப் பழக்குகிறேன். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது: தம்பி, தங்கச்சி, நடுவுக்கு ஓடாதீர்கள்.

நடுவில்தான் பிணக்குழி, அங்கேதான் தாழி, அங்கேதான் பொன் என்று எல்லாருடைய கண்ணும் அங்கேயே போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் கன்னிங்டன், ரிச்சர்ட் கோல்ட் ஹோர் என்ற பழம்பொருள் ஆர்வலர்கள் இருவர் வில்ட்ஷயரில் நூற்றுக்கணக்கான மேடுகளைத் திறந்தார்கள். பெரும்பாலும் உச்சியிலிருந்து நேராகக் கிடங்கு இறக்கிப் பொருளை எடுத்ததோடு சரி. ஆகவே உங்கள் மேட்டின் நடுவையும் யாராவது முன்பே கிண்டியிருக்கலாம். மேட்டைச் சுற்றி ஓடிய வட்ட அகழியை அவர்கள் அவ்வளவாகத் தொடவில்லை. ஏர் இறங்குவது 25, 30 சென்டிமீட்டர். அகழியோ அடியிலுள்ள சுண்ணப்பாறைக்குள் ஒரு மீட்டர், சில இடத்தில் அதற்கு மேலும் இறங்கும். மேடு போனாலும் அதன் கதை அகழிக்குள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும்.

அந்த வட்டம் தரையில் நின்றால் தெரியாது, வானத்திலிருந்து தெரியும். அகழியை நிரப்பிய ஆழமான மண் ஈரத்தைப் பிடித்து வைப்பதால், மழையில்லாத கோடையில் அதன் மேல் நிற்கும் பயிர் மட்டும் பச்சையாக, உயரமாக நிற்கும். 1976, 2018 போன்ற வறண்ட கோடைகளில் இப்படிப் பல இடங்கள் வெளிப்பட்டன. அதன் பிறகு, மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் காந்தமானியோடு வயலை நடந்து அளந்தால் அகழியின் இடம் இன்னும் திருத்தமாகக் கிடைக்கும்.

உழுத மண்ணை வெறும் குப்பை என்று நினைத்து அள்ளிக் கொட்டிவிடக் கூடாது. மேட்டின் மேற்பகுதியில் பின்னாளில் புதைத்தவர்களின் எலும்பும் பானை ஓடும் சிதறிக் கிடப்பது அந்த மண்ணில்தான். வயலைக் கட்டங்களாகப் பிரித்து, மேலே கிடப்பவற்றைக் கட்டம் கட்டமாகப் பொறுக்குங்கள். அங்கங்கே சிறு கிடங்கு வெட்டி மண்ணைச் சலியுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இயந்திரம் இறங்க வேண்டும். அதன் வாளி பல்லில்லாத தட்டை வாளியாக இருக்கட்டும். ஒருவர் பக்கத்தில் நின்று மண்ணின் நிறத்தை விடாமல் பார்க்க வேண்டும். நிறம் மாறியதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இனிக் கைவேலை. கரண்டியை இங்கிருந்தே கொண்டு போகலாம். பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் மேசன் கரண்டி கேட்டால் பெரிதாக ஒன்றை நீட்டுவார்கள், அது வேண்டாம். நாலு அங்குலம், கூர்முனை, அலகும் கழுத்தும் ஒரே இரும்பில் அடித்தது வேண்டும். ஒட்டு வைத்த கழுத்து கல்லுக் கல்லான மண்ணில் முறிந்துவிடும். கரண்டியின் விளிம்பால் உங்களை நோக்கி இழுத்துச் சுரண்டிக்கொண்டு பின்னோக்கி நகருங்கள். சுத்தம் செய்த இடத்தை மிதிக்காமல் இருக்க வேறு வழி இல்லை. மண் காய்ந்து வெளுத்து வேறுபாடு மறைந்தால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணப்பாறையில் அகழி பழுப்பு வளையமாக எழுந்து வரும்.

மேடு கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால், நெதர்லாந்துத் தொல்லியலாளர் வான் கிஃபென் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறைப்படி அதை நாலு கூறாகப் பிரித்து, இடையே வரம்பு விட்டு, எதிரெதிர்க் கூறுகளை முதலில் தோண்டுவார்கள். ஒன்றுமே மிஞ்சாத இடத்தில் அந்த ஒழுங்கை அகழிக்குக் கொண்டு வாருங்கள். வளையத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று தோண்டுங்கள். ஒரே ஒரு வெட்டோடு நிறுத்திவிட்டு முழு அகழியும் இப்படித்தான் என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வடக்கில் இருப்பது தெற்கில் இருப்பதில்லை.

தோண்டிய துண்டின் செங்குத்துச் சுவரில் அடுக்குகள் தெரியும்; அந்த வெட்டுமுகத்தைக் கீழிருந்து மேலே படியுங்கள். அடியில் கூர்விளிம்புள்ள வெள்ளைக் கல் குவியல்: அகழி வெட்டிய முதல் சில குளிர்காலங்களில் உறைபனி பக்கங்களை உடைத்துக் கொட்டியது. அதற்கு மேல் மெல்லிய வண்டல், நூற்றாண்டுக் கணக்கில் மெதுவாகச் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஏர் இழுத்து வந்த மண். இதை ஊகம் என்று எண்ண வேண்டாம். 1960இல் வில்ட்ஷயரின் ஓவர்டன் டவுனில் புதிதாக ஒரு மண்கரையும் அகழியும் கட்டி, 2, 4, 8, 16, 32 வருடம் என்று இரட்டித்துப் போகும் இடைவெளியில் வெட்டிப் பார்த்து வருகிறார்கள். பக்கங்கள் முதலில் வேகமாகச் சரிந்து அப்புறம் அடங்குவதை அங்கே கண்ணாலேயே கண்டார்கள்.

சரிவு ஒரு பக்கத்திலிருந்து கூடுதலாக வந்திருந்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் மண்கரை நின்றது என்று பொருள். அகழிக்கு வெளியே கரை இருந்ததா என்பதை, கரை முழுதாக அழிந்த பிறகும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம். அகழியின் அடித்தரையோடு ஒட்டி மான்கொம்பு கிடந்தால் அதுதான் உங்களுக்குப் பெரிய பேறு. அகழியைத் தோண்டியவர்கள் தங்கள் தோண்டுகருவியை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்; அதன் கார்பன் காலக்கணிப்பு அகழி வெட்டிய காலத்தையே சொல்லும். மண் மாதிரி எடுக்க மறக்காதீர்கள். அதிலுள்ள நத்தை ஓடுகள் அங்கே அப்போது காடு இருந்ததா புல்வெளி இருந்ததா என்று காட்டும்.

இந்தப் பழக்கம் கொழும்பிலேயே தொடங்கலாம். காலி வீதியில் குழாய் போட வெட்டிய கிடங்கைக் கண்டால் ஓரமாக நின்று வரையுங்கள்: தார், மெட்டல், கிரவல், அடியில் பழைய நிரப்பு மண். எது எதை வெட்டுகிறது, எது முந்தியது என்று எண் போடுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் கையகல வாய்க்கால் ஒன்றை வெட்டி அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு இருங்கள். ஒரு பின்னேரம் போதும்.

அகழி பேசி முடித்த பிறகு நடுவுக்குப் போகலாம். மேடு மூடிக் காத்த இடத்தில் பாறை சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பதும் உண்டு, அதையும் அளவெடுங்கள். பாறைக்குள் வெட்டிய குழியில் முழங்கால் மடக்கிக் கிடத்திய உடல் இருக்கலாம், எரித்த எலும்பு நிறைந்த தாழியும் இருக்கலாம். அந்நாட்டுத் தாழிகள் பல கவிழ்த்து வைத்தவை. அப்படியானால் ஏர் சீவிக்கொண்டு போனது தாழியின் அடியை. வாய் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். தாழியை வயலில் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் மண்ணை விட்டு, பண்டேஜ் துணியால் இறுக்கிச் சுற்றி, மண்ணோடு தூக்கி ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போங்கள். அங்கே இரண்டு சென்டிமீட்டர் படலங்களாக எடுத்துச் சலிக்க வேண்டும்.

எலும்பை நிறுத்துப் பாருங்கள். வளர்ந்த ஒருவரை இன்றைய மின்மயானத்தில் எரித்தால் எஞ்சுவது ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டரை கிலோ. தாழியில் அதைவிட மிகக் குறைவாக இருந்தால், ஏர் தின்றதா, அன்றைக்கே அள்ளாமல் விட்டதா என்று கேளுங்கள். பொரளை கனத்தையில் எரித்துவிட்டுக் காடாற்றப் போனவர்களுக்குத் தெரியும், அஸ்தி என்று நாம் கொண்டு வருவதும் முழுவதுமல்ல.

மனித எலும்பு என்பதால் இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதி அமைச்சின் உரிமம் வேண்டும். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமமில்லாமல் அகழ முடியாது. பொம்பரிப்பின் தாழிக்காடும் இப்பன்கட்டுவையின் கல்லறைகளும் நம் மண்ணில் உள்ளவை. 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த எழுத்துப் பொறித்த முத்திரை, எலும்புக்கூட்டோடு அதன் இடத்திலேயே கிடைத்ததால்தான் இன்றைக்கும் அதை வைத்து வாதாட முடிகிறது. ஊரில் வளவுக்குள் தாழி ஓடு கண்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு, படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கடைசியாகப் பதிவு வேலை. ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எண் கொடுங்கள். வெட்டுமுகத்தை 1:10 அளவில், மேலிருந்து பார்க்கும் தரைப்படத்தை 1:20 அளவில் வரையுங்கள். பைக்குள் போடும் துண்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். தளத்தின் பெயர், அடுக்கின் எண், தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து. துண்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.