ஃபிட்ஸ் வந்தால் எதைக் கவனிப்பது, டாக்டரிடம் எதைச் சொல்வது

வலிப்பு நோயைக் கண்டறிய ஸ்கேனைவிட முக்கியம், பக்கத்தில் இருந்தவர் சொல்லும் விவரம். நோய் இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) நார்மலாக வரும். ஆகவே "கை கால் இழுத்துச்சு, நுரை தள்ளுச்சு" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.

முதலில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் துணி, ஸ்பூன் எதையும் திணிக்காதீர்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். கையில் கொடுத்த இரும்புச் சாவிக்கு அதில் பங்கில்லை. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள், பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். போர்வையை விலக்கி, முகமும் கைகால்களும் சேர்ந்து தெரிய வேண்டும். இழுப்பு நின்றதும் நிறுத்தாமல், பெயரைக் கேட்டு, இரு கைகளையும் தூக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒரு கை மட்டும் துவண்டிருந்தால், வலிப்பு மூளையின் எதிர்ப்பக்கத்தில் கிளம்பியிருக்கலாம்.

டாக்டர் அதிகம் தோண்டிக் கேட்பது தொடக்கத்தைத்தான். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போன்ற உணர்வு, பிறகு வெறித்த பார்வை, சப்புக் கொட்டுதல், சட்டைப் பட்டனை நிரடுதல் என்று போனால் அது மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு; அங்கே வடுவோ கட்டியோ இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ.யில் தேடுவார்கள். பதின்வயதுப் பிள்ளைக்குக் காலையில் எழுந்ததும் கை திடீரென வெட்டி இழுத்து டம்ளர் நழுவுகிறதா? அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வீட்டில் யாரும் இதை நோயாகவே எண்ணுவதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டு, கார்பமாசெபின் என்ற வலிப்பு மாத்திரை எழுதப்பட்டால் அந்த வெட்டல் அதிகமாகலாம். வகுப்பில் பத்து நொடி உறைந்துபோகும் குழந்தையையும் கவனக்குறைவு என்று திட்டாமல் காட்டுங்கள். நின்றபடி வெளிறி, வியர்த்து விழுந்து, சில நொடி உதறி உடனே தெளிந்தால் அது பெரும்பாலும் சாதாரண மயக்கம்.

இந்தியாவில் வலிப்பு நோயுள்ளவர்கள் சுமார் 1 கோடி. பிறந்ததும் அழாத குழந்தை, முதல் நாட்களில் ரத்தச் சர்க்கரை இறங்கிய குழந்தை, தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், குடும்பத்தில் வலிப்பு, சொந்தத்தில் கல்யாணம்: இவற்றில் எது இருந்தாலும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். கர்நாடகப் பக்கம் தலையில் சுடுதண்ணீர் ஊற்றும்போது மட்டும் வரும் வலிப்பும் உண்டு. ஆறிய தண்ணீரில் குளிப்பதே அதற்கு முதல் சிகிச்சை.

தடுக்கக்கூடிய பெரிய காரணம் நாடாப்புழு. ஸ்கேனில் தெரியும் 2 செ.மீ.க்குக் குறைவான, வளையம் போன்ற ஒற்றைக் கட்டியை நெடுங்காலம் காசநோய்க் கட்டி என்றே நினைத்தார்கள், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் எடுத்து ஆராய்ந்தபோது பெரும்பாலானவை புழுக்கட்டிகள் என்று தெரிந்தது. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை மலத்தில் வெளியேறி, கழுவாத கையிலும் கீரையிலும் ஒட்டி இன்னொருவர் வயிற்றுக்குள் போனால்தான் மூளையில் கட்டி உண்டாகும். சுத்த சைவக்காரருக்கும் வருவது இப்படித்தான். இதற்காக மெடிக்கலில் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். கட்டிகள் ஏராளமாக இருந்து மூளை வீங்கியிருந்தால், புழு சாகும்போது வீக்கம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டைகளையும் ஒரு காலண்டரையும் கொண்டுபோங்கள். வலிப்பு வந்த நாள், மாத்திரை விட்டுப்போன நாள், தூக்கம் கெட்ட இரவு, காய்ச்சல், குடி, மாதவிலக்கு எல்லாம் அதில் குறித்திருக்கட்டும். திருமணமாகும் வயதுப் பெண் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிட்டு வந்தால், கர்ப்பத்துக்கு முன்பே மருந்தை மாற்றுவது பற்றி அன்றே கேளுங்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மருந்தை நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம்.