முதல் கிரோ லைட்: ஒரு லெட்டூஸ் தட்டுக்கான உதிரிபாகத் தேர்வு

வீட்டுக்குள் செடி வளர்க்க எல்இடி விளக்கு செய்ய நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதுதான். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் தட்டின் பரப்பளவு, அதன்பின் அந்தச் செடிக்கு வேண்டிய ஒளி, பிறகு எல்இடிகளின் எண்ணிக்கை, இறுதியாக வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றி அவற்றை இயக்கும் டிரைவர் என்ற வரிசையில் கணக்குப் போட்டால், வாட் தானாகவே வந்து நிற்கும். வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு சென்னை அடுக்குமாடி வீட்டில், 30 செ.மீ. நீள அகலமுள்ள ஒரு லெட்டூஸ் தட்டுக்காக நான் செய்த விளக்கையே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

படி 1: ஒளியைக் கணக்கிடுதல்

செடி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி. லூமன் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. பச்சை நிறத்தை மிகைப்படுத்தியும் சிவப்பையும் நீலத்தையும் குறைத்தும் காட்டும். ஆகவே செடிக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளித்துகள் விழுகிறது என்றே கணக்கிடுகிறார்கள். லெட்டூஸுக்குச் சுமார் 200 மைக்ரோமோல், நாளொன்றுக்கு 16 மணி நேரம் கிடைத்தால் போதும்.

நம் தட்டின் பரப்பு 0.09 சதுர மீட்டர். ஓரளவு தரமான எல்இடி ஒரு வாட்டுக்கு வினாடிக்கு 2 மைக்ரோமோல் தரும் என்று வைத்துக்கொண்டால், உதாரணமாக 13 வாட்டில் 26 மைக்ரோமோல் கிடைக்கும். பக்கங்களில் சிதறி வீணாவதற்குக் கால் பங்கைக் கழித்து, மீதியைப் பரப்பால் வகுத்தால் ஏறக்குறைய 215 வருகிறது. தட்டைச் சுற்றி நான்கு பக்கமும் வெள்ளை அட்டை வைத்தால்தான் இந்தக் கால் பங்குக் கணக்கு பொருந்தும். திறந்த மேசையில் இழப்பு இன்னும் அதிகம்.

படி 2: எல்இடியின் நிறம்

சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா நிற விளக்கை முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. செடி அதில் வளரும். ஆனால் அந்த ஒளியில் இலை ஏறக்குறையக் கறுப்பாகத் தெரிவதால், இலை மஞ்சளாவதையும் அடியில் அசுவினி ஏறுவதையும் காலம் கடந்தே கவனிப்பீர்கள். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் பாஸ்பர் (நீல ஒளியின் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பொருள்) பூசிய நீல எல்இடிதான். செடிக்கு வேண்டிய நீலம் அதிலேயே இருக்கிறது. எனவே 4000 கெல்வின் (வெள்ளை ஒளியின் சாயலைக் குறிக்கும் எண்) வெள்ளையில் 10, அவற்றுடன் 660 நானோமீட்டர் ஆழ்சிவப்பில் 4 என 14 எல்இடிகள் வாங்குங்கள். 620 அல்லது 630 என்று எழுதியிருக்கும் சாதாரணச் சிவப்பைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால், 660 வேண்டும் என்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் இவை நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் ஒட்டப்பட்டு, "3 வாட்" என்ற பெயரில் கிடைக்கும். அதை 700 மில்லிஆம்பியரில் ஓட்டாமல் பாதியளவாக 350-இல் ஓட்டுவதே என் பழக்கம். சூடு குறைகிறது, வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி கூடுகிறது, ஆயுளும் நீள்கிறது. கூடுதலாகச் சில எல்இடி வாங்கும் செலவு இதற்கு ஈடாகிவிடும்.

படி 3: டிரைவர்

பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் இது. சூடு ஏற ஏற எல்இடியின் வோல்ட் தேவை குறைவதால், மாறா வோல்ட் அடாப்டரில் நேரடியாக இணைத்தால் கரண்ட் கூடிக்கொண்டே போய் எல்இடி கருகும். மாறா கரண்ட் டிரைவர்தான் வேண்டும். நம் 14 எல்இடிகளையும் ஒரே தொடராக இணைப்போம். வெள்ளைக்குத் தலா 3 வோல்ட் வீதம் 30, சிவப்புக்குத் தலா 2.1 வீதம் 8.4, மொத்தம் 38.4 வோல்ட். இதை 0.35 ஆம்பியரால் பெருக்கினால் 13.4 வாட். ஆகவே "350 மில்லிஆம்பியர், 9–48 வோல்ட்" என்று மேலே அச்சிட்ட டிரைவர் சரியாகப் பொருந்தும். "24–36 வோல்ட்" என்றிருப்பது போதாது. விளக்கு மினுக்கும் அல்லது எரியவே எரியாது.

அடுத்து, அது ஐசோலேட்டட் வகைதானா என்று பார்க்க வேண்டும். மலிவான பல டிரைவர்களில் 230 வோல்ட் பக்கத்துக்கும் எல்இடி பக்கத்துக்கும் இடையே டிரான்ஸ்பார்மர் தடுப்பு இருக்காது. ஒற்றைச் சுருள் மட்டும் இருக்கும். ஈரக் கையோடு தண்ணீர் ஊற்றும் இடத்தில் அதைத் தொங்கவிடுவது உயிரோடு விளையாடுவது. பிளாஸ்டிக் உறையில் முழுவதும் மூடப்பட்டு, இந்தத் தடுப்பு (ஐசோலேஷன்) பற்றிய விவரம் அதன் விவரத் தாளில் தெளிவாக உள்ள டிரைவரையே வாங்குங்கள்.

என் முதல் டிரைவரை வெறுமனே பிளக்கில் மாட்டிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்இடி ஒயரைத் தொடுத்தேன். சுமை இல்லாத டிரைவரின் வெளியீடு உச்ச வோல்ட்டுக்கு ஏறி நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு சின்ன "டப்" சத்தம், நான்கு எல்இடிகளில் நடுவே ஒரு கறும்புள்ளி. எல்இடிகளை முழுமையாக இணைத்த பிறகே மெயின் சுவிட்சைப் போட வேண்டும்.

படி 4: ஹீட் சிங்க்

கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி வெப்பமாகத்தான் போகும். அதை எல்இடியிலிருந்து இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டுதான் ஹீட் சிங்க். அலுமினிய ஜன்னல் வேலை செய்பவரிடம் 2 அங்குல அகல யூ சேனல் வெட்டுத்துண்டுகள் கிடைக்கும், 30 செ.மீ. நீளத்தில் மூன்று வாங்கினால் 5, 4, 5 என்று எல்இடிகளைப் பரப்பிவிடலாம், விசிறி தேவைப்படாது. சிவப்பு நான்கையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள்.

எல்இடி தகட்டுக்கும் சேனலுக்கும் இடையே வெப்பம் கடக்கத் தடவும் தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். தோசைக்கு நெய் தடவுவதுபோல் தாராளம் காட்டினால் வெப்பம் கடப்பது குறையும். ஸ்க்ரூ தலை எல்இடி தகட்டின் சால்டர் முனையைத் தொட்டுவிடாதபடி நைலான் வாஷர் போடுங்கள். சால்டரிங் முடிந்ததும், மெயினில் இணைப்பதற்கு முன், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து ஒவ்வொரு முனைக்கும் சேனலுக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். எங்கேயாவது "பீப்" கேட்டால் அந்த எல்இடியைக் கழற்றிச் சரிசெய்யும்வரை மேலே போகக் கூடாது. மூன்று சேனல்களையும் எர்த் ஒயரோடு இணைத்து, மூன்று முனை பிளக் பயன்படுத்துங்கள்.

ஒயருக்கு 0.5 சதுர மி.மீ. தாராளம். கடிகாரம்போல் சுழலும் சாதாரண 24 மணி நேர டைமர் போதும்.

படி 5: தொங்கவிட்டுச் சோதித்தல்

அரை மணி நேரம் எரியவிட்டு மின்சாரத்தைத் துண்டித்து, சேனலின் முதுகைத் தொடுங்கள். கதகதப்பாக இருந்தால் சரி. ஐந்து வினாடி கையை வைத்திருக்க முடியாவிட்டால் எல்இடி சேனலோடு ஒட்டிப் பொருந்தவில்லை என்று பொருள்.

பிறகு இலை மட்டத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் விளக்கை வைத்து, கைப்பேசியின் லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) செயலியில் தட்டின் நடுவிலும் மூலைகளிலும் அளந்து பாருங்கள். வெள்ளை எல்இடி ஒளியில் 65 முதல் 70 லக்ஸ் ஏறக்குறைய ஒரு மைக்ரோமோலுக்குச் சமம். ஆகவே 13,000-ஐ ஒட்டி வந்தால் போதுமானது. ஆழ்சிவப்பை லக்ஸ் அளவு குறைத்தே காட்டும் என்பதால், சற்றுக் குறைந்தாலும் கவலை வேண்டாம். டிரைவரின் இழப்பையும் சேர்த்து மாதம் சுமார் 8 யூனிட் மின்சாரம் ஆகும்.

ஏசி இல்லாத அறையில் மே மாதத்தில் லெட்டூஸ் கசந்து பூவெடுத்துவிடும். அந்த மாதங்களில் இதே விளக்கின் கீழ் திருநீற்றுப் பச்சிலையைப் போடுங்கள். நாற்று ஒல்லியாக நீண்டு சாய்ந்தால் விளக்கை 5 செ.மீ. இறக்குங்கள். இலை ஓரம் வெளிறிச் சுருண்டால் அதே அளவு ஏற்றி, மூன்று நாள் கழித்து மறுபடியும் பாருங்கள்.