கீழாநெல்லிச் சாரத்தை நீரிழிவு எலியின் கல்லீரலில் சோதிப்பது எப்படி?

முதலில் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி. பிறகு செடி: இனத்தைத் தாவரவியலாளரிடம் உறுதிசெய்யுங்கள், சந்தைச் சரக்கில் அதன் உறவினச் செடிகளும் கலந்திருக்கும். நிழலில் உலர்த்திய தூள் 100 கிராமை 70 சதவீத எத்தனால் 1 லிட்டரில் 72 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, 45 டிகிரி செல்சியசுக்கு மிகாமல் வற்றவையுங்கள்.

பலர் சறுக்குவது, எலிக்கு நீரிழிவை உண்டாக்கப் போடும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தில்தான். கரைசலில் அது விரைவில் சிதையும், பி.எச். (அமிலத்தன்மை அளவு) 4.5 உள்ள குளிர்ந்த சிட்ரேட் கரைசலில் கரைத்து 10 நிமிடத்துக்குள் ஊசி போட்டுவிடுங்கள். கணையச் செல்கள் உடைந்து இன்சுலின் கொட்டும் என்பதால், முதல் இரவு குளுக்கோஸ் நீர் வைக்காவிட்டால் எலி சர்க்கரை தாழ்ந்தே செத்துவிடக்கூடும்.

ஸ்ட்ரெப்டோசோடோசின் கல்லீரலையும் நேரடியாகத் தாக்கும். அந்தத் தாக்குதலைச் சாரம் தடுத்ததா, நீரிழிவின் பாதிப்பைக் குறைத்ததா என்று குழம்பாமலிருக்க, சாரத்தைச் சில நாள் கழித்தே தொடங்குங்கள். சர்க்கரை குறைந்ததால் மட்டுமே கல்லீரல் தேறியதா என்று ஒப்பிட, இன்சுலின் மட்டும் பெறும் ஒரு குழுவும் அவசியம். ரத்த மாதிரியில் சிவப்பணு உடைந்திருந்தால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எஸ்.டி. நொதியின் அளவு பொய்யாக உயரும், அந்த மாதிரியைத் தூக்கி எறியுங்கள்.