அப்பாவின் கண் உயரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் ஐந்தடிப் பாதையில் (கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதை) போனபோதுதான், கடைக்குக் கடை தரைமட்டம் மாறுவது எனக்கு உறைத்தது. தம்பி பிள்ளைகளுக்கும் இது புரிய வேண்டும் என்று சுற்றிலும் எல்லாப் பக்கத்தையும் எடுக்கும் 360 டிகிரி கேமராவில் பதிவு செய்தேன். நீங்களும் செய்யலாம்.

முதலில் அனுமதி. எதைக் காட்டலாம் என்று நாற்காலியில் இருப்பவரே சொல்லட்டும். தான் மருந்து சாப்பிடும் காட்சி வேண்டாம் என்றார் அப்பா, எடுக்கவில்லை.

கேமரா அவருடைய கண் உயரத்தில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது சுமார் 115 சென்டிமீட்டர். நிற்பவர் உயரத்தில் வைத்தால் அவர் பார்க்கும் உலகம் கிடைக்காது. நகர்ந்துகொண்டே எடுத்த காட்சி பார்ப்பவருக்குத் தலைசுற்றலைத் தரும். அதனால் நிறுத்தி நிறுத்தி எடுங்கள்: வாசல் படி, குறுக்கே நிற்கும் மோட்டார் சைக்கிள், அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் "அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்கும் குரல். மற்றவர்கள் முகத்தை மறைத்துவிடுங்கள்.

பார்ப்பவரை உட்காரவைத்து, அந்த இடத்திலேயே இருப்பதுபோல் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டுங்கள். 4 நிமிடம் போதும். குமட்டினால் உடனே கழற்றிவிடுங்கள்.

2015இல் கிறிஸ் மில்க் என்ற இயக்குநர் வி.ஆரைப் பரிவு இயந்திரம் என்றார். ஹெட்செட் மட்டும் தருவது இரக்கம்தான், பரிவு அல்ல என்பது என் அனுபவம். அதனால் கழற்றியதும் பிள்ளைகளை அப்பா பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"தாத்தா, யாருமே உங்க முகத்தைப் பார்த்துப் பேசலையே" என்றாள் சின்னவள். அப்பா மெதுவாகத்தான் பேசுவார். அப்புறம் அரை மணி நேரம், அவர் வாக்கியத்தை நாங்கள் முடித்துவைக்காமல் கேட்டோம்.