குழந்தைக்கு அவசரமா? வீடியோவில் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது

குழந்தைகள் அவசரப் பிரிவில் நர்சாக வேலை செய்கிறேன். இரவில் வரும் வீடியோ அழைப்புகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்: அம்மா பதறிப்போய்ப் பேசுவார், திரையில் அவர் முகம் மட்டும் தெரியும். குழந்தை பக்கத்தில் போர்வைக்குள் இருக்கும். தொலைவில் இருக்கும் டாக்டரால் தொட்டுப் பார்க்க முடியாது, ஸ்டெதாஸ்கோப் வைக்க முடியாது. நீங்கள் காட்டுவதும் சொல்வதும்தான் அவருக்குக் கிடைப்பவை. அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: அழைப்பதா, கிளம்புவதா?

இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் வீடியோ அழைப்பு வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கையில் இருக்கும் வண்டியில் கிளம்புங்கள்.

குழந்தை எழுப்பினாலும் எழவில்லை, துவண்டு கிடக்கிறது. மூச்சுவிடத் திணறுகிறது. உதடும் நாக்கும் நீலம் பாரித்திருக்கின்றன. பால், தண்ணீர் எதையும் குடிக்க முடியவில்லை, அல்லது குடித்ததெல்லாம் வாந்தியாகிறது. வலிப்பு வந்திருக்கிறது. பாம்பு கடித்திருக்கிறது, தேள் கொட்டியிருக்கிறது. பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டது. தலையில் அடிபட்டு மயங்கியது, அல்லது திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது. பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.

ஆம்புலன்ஸ் வரும்வரை வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுக்காதீர்கள், வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள். வலிப்பு எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டியதா என்பதை மருத்துவமனையில் கட்டாயம் கேட்பார்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். நேராக மருத்துவமனைதான்.

2020 மார்ச்சில் வந்த இந்தியத் தொலைமருத்துவ விதிமுறைகளும் இதையே சொல்கின்றன. அவசர நிலையில் டாக்டர் போனில் முதலுதவி சொல்லலாம், வழிகாட்டலாம். ஆனால் நோயாளியைச் சீக்கிரம் நேரில் காட்டச் சொல்ல வேண்டும். அதனால் "உடனே கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்னால், தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அதுவே அவர் சொல்லும் வைத்தியம்.

படி 2: நல்ல நாளிலேயே செய்து வைக்க வேண்டியவை

அரசின் இசஞ்சீவனி செயலியோ, உங்கள் டாக்டர் பயன்படுத்தும் செயலியோ, எதுவானாலும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். காய்ச்சல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிபிக்குக் காத்திருப்பது கொடுமை. குழந்தை பெயரில் பதிவு செய்தாலும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவர் யாரென்றும் டாக்டர் கேட்பார். அதுவும் விதிதான்.

தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் குழந்தையின் எடையை மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். எடை தெரியாமல் மருந்தின் அளவு சொல்ல முடியாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.

படி 3: வெளிச்சம்

ட்யூப்லைட் போடுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எந்தக் குழந்தையும் காமாலை வந்ததுபோல் தெரியும். ஜன்னலையோ விளக்கையோ குழந்தைக்குப் பின்னால் விடாதீர்கள். போனில் முகத்தை அழகாக்கும் ஃபில்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது தோலின் நிறத்தையே மாற்றிவிடும், தடிப்பையும் மறைத்துவிடும். நம் பிள்ளைகளின் நிறத்துக்கு, நீலமோ வெளுப்போ கன்னத்தில் தெரியாது. உதட்டின் உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை, நகம் ஆகியவற்றைக் காட்டுங்கள்.

படி 4: மூச்சைக் காட்டுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

குழந்தையை மடியில் சாய்த்து உட்கார வையுங்கள். அழுதால் முதலில் சமாதானப்படுத்துங்கள், ஏனென்றால் அழும்போது எண்ணும் மூச்சுக்கு அர்த்தமில்லை. சட்டையைக் கழுத்துவரை தூக்குங்கள், முடிந்தால் கழற்றியே விடுங்கள். போனைக் குறுக்காகப் பிடித்து, கழுத்திலிருந்து தொப்புள்வரை திரையில் தெரியும்படி அசையாமல் ஒரு நிமிடம் வைத்திருங்கள். நீங்கள் பேச வேண்டாம், டிவியை அணைத்துவிடுங்கள். டாக்டர் பார்ப்பது மட்டுமில்லை, கேட்கவும் செய்கிறார். ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் சின்னதாக முனகல் வந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

என்ன பார்க்கிறோம்? மூச்சை இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து மேலே எழ வேண்டும். நிமோனியா முற்றிய குழந்தைக்கு வயிறு எழும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி, விலா எலும்பு முடியும் இடம், உள்ளே குழியும். மூக்கின் ஓரம் விரியும், தொண்டைக்குழி உள்ளே இழுக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

அப்புறம் எண்ணிக்கை. ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. இவை உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள். நெட் விட்டு விட்டு வந்தால் திரையில் பார்த்து எண்ண டாக்டரால் முடியாது. அப்போது நீங்களே எண்ணிச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு, சாதாரண போன் அழைப்பில் பேசுங்கள். கிராமத்தில் பல நேரம் இதுதான் கைகொடுக்கும்.

கோவிட் சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைப் பலர் காட்டுகிறார்கள். பெரியவர் விரலுக்கான கிளிப் குழந்தையின் விரலில் சரியாக உட்காராது. எண் 98 என்று காட்டினாலும் நெஞ்சு குழிந்தால் நெஞ்சைத்தான் நம்ப வேண்டும்.

படி 5: என்ன சொல்ல வேண்டும்

வயது, எடை, என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து. பிறகு கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு என்றால் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுக் காட்டச் சொல்வார். தோல் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆனால் நீர் வற்றல் கடுமையாக இருக்கிறது.

படி 6: மருந்து பாட்டிலைக் கேமராவில் காட்டுங்கள்

"பாராசிட்டமால் இருக்கு" என்று சொன்னால் போதாது. 10 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம் என்று டாக்டர் கணக்கிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிக்கு 125 என்று எழுதிய சிரப்பில் அது 6 மில்லி. 5 மில்லிக்கு 250 என்று எழுதிய சிரப்பில் 3 மில்லி. 1 மில்லிக்கு 100 என்று எழுதிய டிராப்ஸில் வெறும் ஒன்றரை மில்லி. சிரப்பின் அளவான 6 மில்லியை டிராப்ஸிலிருந்து ஊற்றிவிட்டால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும். அதனால் லேபிளைக் கேமராவில் காட்டுங்கள். டாக்டர் சொன்ன அளவைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம், அளவு போட்ட மூடியோ சிரிஞ்சோ எடுங்கள்.

படி 7: போனை வைக்கும் முன் மூன்று கேள்விகள்

என்ன ஆனால் உடனே கிளம்ப வேண்டும்? மறுபடி எத்தனை மணிக்குப் பேச வேண்டும்? போக வேண்டி வந்தால் எந்த மருத்துவமனைக்கு? மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. பக்கத்தில் இருக்கும் எல்லா மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான ஐசியூ இருக்காது. ஆக்ஸிஜன் தேவைப்படும் குழந்தையை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டுப் போவதா, நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கா என்று டாக்டரே சொல்லட்டும். முடிந்தால் அங்கே முன்கூட்டியே தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது தடுப்பூசி அட்டை, கொடுத்த மருந்து பாட்டில், எடுத்த வீடியோ மூன்றும் கூடப் போக வேண்டும். வலிப்பையோ மூச்சையோ வீட்டில் எடுத்த வீடியோவை டியூட்டி டாக்டரிடம் காட்டுங்கள். வந்து சேர்வதற்குள் வலிப்பு நின்றிருக்கும், அவர் அதைப் பார்க்க வேறு வழி இல்லை.