படலையில் நின்று பட்டியல் எழுதாதீர்கள்: வன்னியில் நிவாரண வேலைக்கு வரும் புதியவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், ஒவ்வொரு விலையேற்றத்துக்குப் பிறகும் நிவாரண வேலைக்குப் புதிய பிள்ளைகள் வருகிறார்கள். பல்கலைக்கழகம் முடித்தவர்கள், பிரதேச செயலகத்தில் புதிதாக நியமனம் கிடைத்தவர்கள், வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் காசில் உலர் உணவுப் பொதி கட்ட வரும் சங்கத்துப் பிள்ளைகள். நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் 2009 இல் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமிலும், பிறகு மீள்குடியேற்றத்திலும் நாங்கள் விட்ட அதே பிழைகளை ஒன்று விடாமல் திரும்பவும் விடுகிறார்கள். அதற்கு விலை கொடுப்பது பட்டியலில் பெயர் இல்லாமல் போகும் குடும்பம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிறை குறைந்த பொதி, புழுத்த பருப்பு, திகதி முடிந்த மீன்ரின், மழையில் நனைந்த மா மூடை: இவை யார் கண்ணிலும் படும். வாங்குகிற சனமே முகத்துக்கு நேரே சொல்லிவிடும். அவற்றை விடுவோம். கண்ணில் படாத பிழைகளைத்தான் கீழே ஒவ்வொரு தலைப்பாகச் சொல்கிறேன்.

வீட்டைப் பார்த்து வயிற்றை அளப்பது

வன்னியில் வீடு பொய் சொல்லும். இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

யுத்தத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள். முழுக்காசும் ஒரே தடவையில் வராது. அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி என்று வரும். கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. கூரை மட்டத்தில் காசு முடிந்துபோக, தோட்டை அடைவு வைத்து, வட்டிக்கு எடுத்து, நுண்கடன் கொம்பனிக்குக் கிழமைக் கட்டுக் கட்டி ஓடு போட்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வீதியில் நின்று பார்த்தால் கல்வீடு, ஓட்டுக்கூரை, சீமெந்துத் தரை. பார்க்கிறவர் வாசல் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே எழுதுகிறார்: "நிரந்தர வீடு. வசதி உண்டு." அந்த ஒரு வரியோடு அந்தக் குடும்பத்தின் பெயர் கீழே போய்விடுகிறது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் குளத்தடிக் கிராமம் ஒன்றுக்கு இப்படி எழுதிக் கொண்டுவந்த ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். அவர் "வசதி" என்று எழுதிய வீடு. முன் விறாந்தையில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை, சுவரில் கலியாணப் படம். அந்த அக்காவின் கணவர் 2009 இல் காணாமல் போனவர். நான் விறாந்தையில் இருக்காமல், "அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போனேன். கிடுகால் மறைத்த குசினி. மூன்று கல் அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. நேரம் பதினொரு மணி இருக்கும், உலை வைத்த தடமே இல்லை. அரிசி வைக்கும் பெயின்ற் வாளியின் அடியில் ஒரு சுண்டு அரிசி வரும். உப்பு ஒரு சிரட்டையில். பள்ளிக்கூடத்தால் வந்த சின்னவன் உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நக்கி நக்கி வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாடு அதுதான். வீடு ஓடு போட எடுத்த கடன் இன்னும் முடியவில்லை. கிழமைக்கிழமை கட்டுக் காசு போனபின் மிஞ்சுவதில்தான் அரிசி. அந்தத் தம்பி வெளியே வந்து பேசாமல் நின்றார். அவரை நான் ஏசவில்லை. ஆனால் அந்த அக்காவின் பெயரைத் திரும்பச் சேர்ப்பதற்கு அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வெட்ட ஒரு வரி போதும். சேர்க்க மேன்முறையீடு, விசாரணை, கையொப்பம், அடுத்த மீளாய்வு என்று மாதங்கள் போகும்.

வறிய குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் வந்தபின் இந்தப் பிழையின் விலை இன்னும் கூடிவிட்டது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப விபரம் என்று 6 துறைகளில் 22 சுட்டிகளைப் பார்த்துத்தான் குடும்பத்தை வகைப்படுத்துகிறார்கள். வீட்டுத்திட்டம் பெரிதாக நடக்காத மாவட்டம் ஒன்றில் ஓட்டு வீடு என்பது அந்தக் குடும்பம் உழைத்துச் சேர்த்ததைக் காட்டலாம். இங்கே அது உதவியாக வந்த வீடு, அதற்கு மேலே கடன். படிவத்தை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகக் கேட்கலாம். கடனையும் நாட்பட்ட நோயையும் அங்கவீனத்தையும் விடாமல் பதியலாம். பக்கத்து வளவுக்காரர் சொன்னதை வைத்து வருமானம் எழுதாமல் இருக்கலாம்.

அடுப்படிக்குப் போவது ஒரு வழி என்றால் இன்னொன்று சந்திக் கடையின் கடன் கொப்பி. கடைக்காரரோடு பழகியவருக்கு, பெயர் கேட்காமலே ஊரின் நிலை தெரியும். கிலோக் கணக்கில் வாங்கிய வீடு 250 கிராம் சீனி, 100 கிராம் பருப்பு என்று இறங்கினால், எண்ணெயைச் சின்னப் போத்தலில் அளந்து வாங்கினால் அங்கே இறுக்கம் தொடங்கிவிட்டது. கடைக்காரர் கொப்பியை மூடிவிட்டால் அடுத்த கிழமை அந்த வீட்டில் இரவுச் சமையல் நின்றுவிடும். எந்தக் கணக்கெடுப்பும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

எண்ணிக்கையை லேசாக எடுக்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வன்னியில் காரணம் இருக்கிறது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. 2009 தொடக்கத்தில் உள்ளே அகப்பட்டிருப்பது 70 ஆயிரம் பேரளவில்தான் என்று கொழும்பு சொன்னது. உள்ளே இருந்த அரச அலுவலர்கள் அதைவிடப் பல மடங்கு என்று எழுதினார்கள். கடைசியில் முகாம்களுக்கு வந்து பதிவானவர்களே 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். கடதாசியில் உள்ள எண்ணுக்குத்தான் கப்பலில் அரிசி ஏறும். மிச்சச் சனம் உப்புக் கஞ்சியோடு கிடந்தது. அந்தக் கஞ்சி வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்றைக்கு நீங்கள் எழுதும் பட்டியலில் குடும்பத் தலைவர்களாக இருக்கிறார்கள்.

"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பது

எல்லாரும் "ஓம், சாப்பிட்டனாங்கள்" என்றுதான் சொல்வார்கள். வாசலுக்கு வந்தவரிடம் பட்டினி என்று சொல்லும் வழக்கம் எங்கள் சனத்திடம் இல்லை. "நேற்று இரவு என்ன சமைச்சனீங்கள்? அதுக்கு முதல் நாள்?" என்று கேளுங்கள். இரண்டு நாளும் கோதம்பமா ரொட்டியும் சம்பலும் என்றால் மேற்கொண்டு கேட்கத் தேவையில்லை.

ஒரு அட்டைக்கு ஒரு பொதி

ஒரு வளவுக்குள் தாய், கலியாணம் முடித்த மகள், மற்ற மகளின் பிள்ளைகள் என்று மூன்று அடுப்பு எரியும்; குடும்ப அட்டை ஒன்றுதான் இருக்கும். அட்டையை எண்ணினால் பத்துப் பேருக்கு ஒரு பொதி. காணி பிரிக்காததால், விலாசம் மாற்றாததால், வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் பழைய ஊரில் கிடப்பதால் புது அட்டை எடுக்காத இளம் குடும்பங்கள் இப்படி விடுபடுகின்றன. மலையகத்திலிருந்து 1950களுக்குப் பின்னும் 1977 இனக் கலவரத்துக்குப் பின்னும் வந்து குடியேறி, இன்னும் காணிப் பத்திரம் இல்லாமல் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாக நடக்கிறது.

கணவர் காணாமல் போன வீட்டில் அட்டையின் முதல் பெயர் இன்னும் அவருடையதாகவே இருக்கும். அதைப் பார்த்து "உழைக்கும் ஆண் ஒருவர் உண்டு" என்று எழுதுகிறார்கள். மரணச் சான்றிதழ் எடுங்கோ என்று அந்த அம்மாவிடம் சொல்லாதீர்கள். அவர் தேடிக்கொண்டிருக்கிறார். காணாமல் போனவர் என்று பதிந்து சான்றிதழ் தருவதற்கு 2016 இல் சட்டத் திருத்தம் வந்தது. விரும்பினால் எடுக்கலாம் என்று ஒரு தரம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

மா விற்றவரை ஏசுவது

மீள்குடியேறியவர்களுக்கு உலக உணவுத் திட்டம் 6 மாதத்துக்கு அரிசி, கோதம்பமா, பருப்பு, எண்ணெய், சீனி கொடுத்தது. மாவில் ஒரு பகுதியைச் சனம் கடையில் விற்றது. "பசி இல்லை, அதுதான் மாவை விக்கினம்" என்று பேசியவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். விற்ற காசு எங்கே போனது என்று பார்த்தால் மீன், மரக்கறி, மிளகாய்த்தூள், சவர்க்காரம், பிள்ளைக்குக் கொப்பி. பொதியில் இல்லாதவை அவை. மா அதிகம் விற்பனைக்கு வருகிறது என்றால் உங்கள் பொதியைத் திருத்துங்கள். புழுங்கல் அரிசி சாப்பிடும் ஊருக்குப் பச்சை அரிசி கொண்டுபோனாலும் இதுதான் நடக்கும். நெத்தலிக் கருவாடு, மீன்ரின், ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் சேர்த்து அரிசியைக் கொஞ்சம் குறைத்தால் பிள்ளைகளுக்கு நல்லது.

தை மாதத்தில் கொண்டுவந்து கொட்டுவது

பொங்கலுக்குப் பொதி கொடுக்க எல்லாருக்கும் விருப்பம். ஆனால் தை, மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. அருவி வெட்டும் மெசின் வந்தபின் கூலி குறைந்துவிட்டாலும் அந்த மாதங்களில் ஏதோ ஒரு வேலை, ஏதோ கொஞ்சம் நெல் வீட்டில் இருக்கும். வயிறு காய்வது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. நெல் விதைத்தாயிற்று, அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது, கையில் இருந்தது விதைக்கும் பசளைக்கும் போய்விட்டது. அதே நேரம் வாடைக்காற்று; முல்லைத்தீவுக் கடலில் தொழில் படுத்துவிடும். அடைவுகடையில் கூட்டம் அப்போதுதான். அந்த மூன்று மாதத்துக்குக் காசை ஒதுக்கிவைக்க ஆவணியிலேயே பேசத் தொடங்க வேண்டும்.

திரிபோஷாவைக் குடும்பக் கணக்கில் போடுவது

திரிபோஷா அரசு கொடுக்கும் சத்துமா. அது கர்ப்பிணித் தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், நிறை குறைந்த பிள்ளைக்கும் உரியது. வீட்டில் அரிசி இல்லாவிட்டால் ஐந்து பேரும் அதைத்தான் தின்பார்கள். அரிசியைக் கொடுங்கள்.

பொதி வாங்குகிறவரைப் படம் எடுப்பது

வேண்டாம். காசு தந்தவர் கேட்டாலும் வேண்டாம்.

ரூபாயில் மட்டும் கணக்குப் பார்ப்பது

எங்கள் அப்பு ஆச்சிமார் கடைசிவரை "கூப்பன் அரிசி" என்றே சொன்னார்கள். 1942 இல் யுத்தகாலப் பங்கீடாகத் தொடங்கிய அந்த அரிசி, கொத்துக் கணக்கில் கையில் வந்தது. 1953 இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது நாடு முழுதும் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979 இல் அரிசியை நிறுத்தி உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையில் ஒரு தொகை அச்சடித்திருக்கும். கடை விலை ஏற ஏற அந்தத் தொகை ஏறவில்லை. சில வருடத்திலேயே அதன் பெறுமதி பாதியளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை.

இன்றைய அஸ்வெசுமவும் ரூபாய்தான். 2023 இல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000, வறிய குடும்பத்துக்கு 8,500 என்று தொடங்கி, 2025 தையிலிருந்து 17,500, 10,000 ஆனது. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் வரை போனதைப் பார்த்த நாடு இது. ஆகவே "காசு கிடைக்குது, அவைக்குப் பொதி தேவையில்லை" என்று ஒரு குடும்பத்தை வெட்டுமுன் அந்தத் தொகைக்கு உங்கள் சந்திக் கடையில் இன்றைக்கு எத்தனை கிலோ அரிசி, பருப்பு, எத்தனை தேங்காய் வரும் என்று எழுதிப் பாருங்கள். கிழமைக் கட்டுக் காசையும் கழித்துப் பாருங்கள்.

வாயால் சொல்லி அனுப்புவது

"உங்கட பேர் வரேல்லை, கந்தோருக்குப் போய்க் கேளுங்கோ." இப்படிச் சொல்லி அனுப்பினால் அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போய், "கிராம அலுவலரிட்டைக் கேளுங்கோ" என்ற பதிலோடு வருவார். இரண்டாம் தரம் போகமாட்டார். மேன்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. அது முடிந்தபின் யாரைப் பிடித்தும் பிரயோசனமில்லை.

பட்டியல் ஒட்டிய அன்றைக்கே போய் அதைப் படம் எடுத்து வாருங்கள். விடுபட்ட வீட்டுக்கு நீங்களே போய், எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் அவருடைய பெயரில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் கிடைத்தும் கணக்கு இல்லாமல் காசு எடுக்காத குடும்பங்கள் உண்டு. கடிதத்தின் பிரதியில் பிரதேச செயலகத்தில் திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். அந்தப் பிரதியைக் குடும்பத்தின் கையில் கொடுங்கள். உங்கள் கோப்பில் வைத்தால் நீங்கள் இடமாற்றம் போகும் நாளில் அதுவும் போய்விடும்.