‘சும்மா விசாரணைதான்’னு போலீஸ் வீட்டு ஆளைக் கூட்டிட்டுப் போனா, அந்த 24 மணி நேரத்துல நீங்க செய்ய வேண்டியது

அரெஸ்ட் பண்ண ஒருத்தரை 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த 24 மணி நேரம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாரு எழுதி வைக்கிறாங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு. திங்கக்கிழமை ராத்திரி 11 மணிக்கு வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போவாங்க, செவ்வாய் முழுக்க ஸ்டேஷன்லயோ வேற எங்கயோ வெச்சிருப்பாங்க, புதன்கிழமை காலைல ‘பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சந்தேகப்படும்படி நின்னுட்டிருந்தப்ப 6 மணிக்குக் கைது’ன்னு பேப்பர்ல வரும். நடுவுல போன 31 மணி நேரம் எந்த ரெக்கார்ட்லயும் இருக்காது. அடி உதை நடக்கறதும் பெரும்பாலும் அந்த நேரத்துலதான். அதனால இந்தப் பதிவு முழுக்க ஒரே வேலையைப் பத்திதான், அந்தக் கணக்குல வராத நேரத்தை நீங்க எப்படிக் கணக்குல கொண்டு வர்றதுங்கறது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல பாத்துடலாம், ஏன்னா ஸ்டேஷன்ல நிக்கறப்ப இது தெரிஞ்சிருந்தா குரல் நடுங்காது. அரசியலமைப்பு 22ஆவது பிரிவு மூணு விஷயம் சொல்லுது. எதுக்குக் கைதுன்னு சொல்லணும், விருப்பப்பட்ட வக்கீலைப் பாக்க விடணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்துல இருக்கற மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டு போகணும். இது அரசியல் நிர்ணய சபையில கடைசி நேரத்துல சேர்ந்த பிரிவு. உயிர், தனிமனித சுதந்திரம் பத்தின 21ஆவது பிரிவு ரொம்ப பலவீனமாப் போச்சுன்னு எல்லாப் பக்கமும் கண்டனம் வந்ததால, அதை ஈடுகட்ட 1949 செப்டம்பர் 15ஆம் தேதி அம்பேத்கர் இதைக் கொண்டு வந்தார். போலீஸ் ஒருத்தரைக் கொண்டு போய் உள்ள வெச்சா அது ஒரு நாளைக்கு மேல போலீஸுக்கும் அவருக்கும் நடுவுல மட்டும் இருக்கற விஷயமா இருக்கக் கூடாது, மூணாவதா ஒரு நீதிபதியோட கண்ணு படணும், அதுக்காகத்தான் அந்த 24 மணி நேரம்.

வாசல்ல நிக்கறப்பவே

முதல் கேள்வி: ‘சார், இது அரெஸ்டா, இல்ல விசாரணைக்குக் கூப்பிடுறீங்களா?’ மரியாதையாக் கேளுங்க, ஆனா கேட்டே ஆகணும். விசாரணைக்குன்னா எழுத்துல நோட்டீஸ் வேணும். 2024 ஜூலை 1ல இருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பிஎன்எஸ்எஸ்னு புதுச் சட்டம் நடைமுறையில இருக்கு, அதுல 35ஆவது பிரிவு நோட்டீஸ் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, 179ஆவது பிரிவு சம்மன் சாட்சிக்கு. ரெண்டுல எதுன்னு பாருங்க. சாட்சியா மட்டும் கூப்பிட்டா பெண்களையும், 15 வயசுக்குக் கீழ உள்ள பசங்களையும், 60 வயசுக்கு மேல உள்ளவங்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையா உடம்பு முடியாதவங்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, போலீஸ்தான் வீட்டுக்கு வரணும். 35 நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பினா செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரில சொல்லிடுச்சு. ஆனா நேர்ல நோட்டீஸ் கொடுத்திருந்தா கண்டிப்பா போங்க, போகலைன்னா அதையே காரணம் காட்டி அரெஸ்ட் பண்ணலாம்.

அரெஸ்ட்னு சொன்னா வந்திருக்கறவங்க பேரு தெளிவாத் தெரியற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும். பெண்ணா இருந்தா சூரியன் மறைஞ்ச பிறகு, விடியறதுக்கு முன்னாடி அரெஸ்ட் பண்ணக் கூடாது, தவிர்க்கவே முடியாத சூழ்நிலைன்னா பெண் போலீஸ் அதிகாரி எழுத்துல ரிப்போர்ட் கொடுத்து மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கியிருக்கணும். 18 வயசு ஆகாத பையனோ பொண்ணோ இருந்தா லாக்கப்ல வைக்கவே கூடாது, சிறார் நீதி வாரியம்தான், பிறந்த தேதி சர்டிபிகேட்டையும் ஸ்கூல் டிசியையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

வந்தவங்க பதில் சொல்லாம இழுத்துட்டுப் போனா தடுக்காதீங்க, கைய வைக்காதீங்க, அது இன்னொரு கேஸாயிடும். வண்டி நம்பர், எத்தனை பேர், யூனிஃபார்மா மப்டியா, மணி என்ன, இதை மட்டும் கவனிங்க. தெருவுல யார் வீட்டுல கேமரா இருக்குன்னு பாத்து அன்னைக்கே அந்தப் பதிவை எடுத்து வெச்சுக்கோங்க. 2025 ஜூன்ல மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் பிடியில இறந்தப்ப, பக்கத்துல இருந்த ஒருத்தர் போன்ல எடுத்த வீடியோதான் அந்த விஷயத்தை மூடி மறைக்க முடியாம பண்ணுச்சு.

நேரத்தைப் பதிவு பண்றது

இதுதான் முக்கியமான இடம், பொறுமையாப் படிங்க. அந்தக் காலத்து வக்கீலுங்க யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, ஆளைத் தூக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச உடனே முதல் வேலை தந்தி ஆபீஸுக்கு ஓடறதுதான். முதலமைச்சருக்கு, எஸ்பிக்கு, சீஃப் ஜஸ்டிஸுக்குன்னு ‘இன்னாரை இத்தனை மணிக்கு இந்த ஸ்டேஷன் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க’ன்னு தந்தி அடிப்பாங்க, அந்த ரசீதுல தேதியும் நேரமும் சர்க்கார் சீலோட இருக்கும், பின்னாடி போலீஸ் வேற நேரம் சொன்னா இதைத் தூக்கிக் காட்டலாம். 2013 ஜூலையில தந்தி சேவையை நிறுத்தினப்ப எல்லாரும் பழைய ஞாபகம்னு பேசினாங்க, ஆனா ஏழை வீடுகளுக்கு ஒரு பாதுகாப்பு போச்சு.

இப்ப அதுக்குப் பதிலா ஈமெயில். எஸ்பி ஆபீஸ் அல்லது கமிஷனர் ஆபீஸ், மாநில மனித உரிமை ஆணையம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, உங்க வக்கீல், எல்லாருக்கும் ஒரே மெயில். மெயில் தெரியலைன்னா பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்லி அனுப்பச் சொல்லுங்க. அதோட 100க்கோ 112க்கோ போன் பண்ணி விவரம் சொல்லுங்க, கால் பதிவாகும். காலைல போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் அதே விஷயத்தை ஸ்பீட் போஸ்ட்லயும் போடுங்க. நீளமா எழுத வேண்டாம், திட்டவும் வேண்டாம். இந்த அளவு போதும்:

‘என் மகன் (பேர், வயசு, முகவரி) இன்னைக்கு (தேதி) ராத்திரி 11.10 மணிக்கு எங்க வீட்டுல இருந்து இத்தனை போலீஸாரால் இந்த எண் உள்ள வண்டியில் அழைத்துச் செல்லப்பட்டார். கைதுக்கான காரணம் சொல்லவில்லை, கைதுக் குறிப்பு தரவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அழைத்துச் செல்லும்போது அவர் உடம்பில் எந்தக் காயமும் இல்லை.’

கடைசி வரியை விட்டுடாதீங்க. நாளைக்கு ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்’, ‘பாலத்துல இருந்து குதிச்சுட்டான்’னு சொன்னா, நல்லா நடந்து போன ஆளுதான்னு காட்ட இந்த வரிதான் இருக்கும். அன்னைக்கு எடுத்த போட்டோ ஏதாவது இருந்தா சேருங்க.

ரெக்கார்ட்ல எழுதின நேரம்தான் கைது நேரம்னு போலீஸ் சொல்லுவாங்க. பாம்பே ஹைகோர்ட் 1990லேயே தெளிவா சொல்லியிருக்கு, ஒருத்தரோட நடமாட்டத்தை எப்பத் தடுத்தாங்களோ அப்பவே கைது ஆரம்பிச்சாச்சு, அதிகாரி பேப்பர்ல எழுதின நேரம் கணக்கில்லன்னு. அதனாலதான் உங்க மெயில்ல இருக்கற அந்த 11.10 இவ்வளவு முக்கியம்.

ஸ்டேஷன்ல

தனியாப் போகாதீங்க, ரெண்டு மூணு பேராப் போங்க, முடிஞ்சா ஒரு வக்கீலோட. எந்த ஸ்டேஷன்னே தெரியலைன்னா மாவட்ட கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போடுங்க, யாரு யாரு கைதாகியிருக்காங்கன்னு ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு அதிகாரி பதிவு வெச்சிருக்கணும்னு பிஎன்எஸ்எஸ் 37 சொல்லுது. ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட கைதுக் குறிப்பு கேளுங்க. அதுல குடும்பத்து ஆளோ ஊர்ல மதிப்பான ஒருத்தரோ சாட்சியாக் கையெழுத்துப் போட்டிருக்கணும், தேதி நேரம் இருக்கணும். இது டி.கே.பாசு வழக்குல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் போட்ட விதி. மேற்கு வங்கத்துல சட்ட உதவி அமைப்பு ஒன்னை நடத்திட்டிருந்த அவர், லாக்கப் சாவுகளைப் பத்தி பேப்பர்ல வந்த செய்தியை வெச்சு 1986ல தலைமை நீதிபதிக்கு எழுதின ஒரு லெட்டரைத்தான் கோர்ட் வழக்கா எடுத்துச்சு. உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னா நேரம் சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க, தப்பா இருந்தா உண்மையான நேரத்தை எழுதி அதுக்குக் கீழ போடுங்க.

கைதுக்கான காரணத்தை எழுத்துல கேளுங்க. செக்ஷன் நம்பர் மட்டும் பத்தாது, என்ன செஞ்சார்னு சொல்லுறாங்களோ அது. 2025 நவம்பர்ல மிஹிர் ராஜேஷ் ஷா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, எந்தக் குற்றமா இருந்தாலும் காரணத்தை அந்த ஆளுக்குப் புரியற மொழியில எழுதிக் கொடுக்கணும், உடனே முடியலைன்னாலும் ரிமாண்டுக்குக் கொண்டு போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது கொடுத்திருக்கணும், இல்லைன்னா கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். தமிழ்லதான் வேணும்னு கேக்கறது உங்க உரிமை.

உள்ள இருக்கறவருக்கு எப்படியாவது ரெண்டு விஷயம் சொல்லி அனுப்புங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடக் கூடாது. தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அது 20ஆவது பிரிவு. போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலம் பொதுவா கோர்ட்ல சாட்சியமா நிக்காது, ஆனா அதை வெச்சு ஏதாவது பொருளை எடுத்தா அந்த அளவுக்கு நிக்கும், அதனால ‘சொல்லிடு, விட்டுடுவாங்க’ன்னு நீங்களே அறிவுரை சொல்லாதீங்க. வக்கீலுக்குக் காசு இல்லைன்னு தயங்க வேண்டாம், 15100ங்கற நம்பருக்குப் போன் பண்ணுங்க, போலீஸ் காவல்ல இருக்கற யாருக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு.

ஜிஎச், அப்புறம் மாஜிஸ்திரேட்

ரிமாண்டுக்கு முன்னாடி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க டியூட்டி டாக்டர் கேக்கறப்ப பக்கத்துல போலீஸ் நிக்கும், பயத்துல ‘ஒன்னும் இல்ல’ன்னு சொல்லிடுவாங்க. அடி பட்டிருந்தா எங்க, எதால, யாருன்னு டாக்டர்கிட்ட சொல்லணும், அவரு எழுதணும். அந்த மெடிக்கல் ரிப்போர்ட்டோட காப்பியை வக்கீல் மூலமா உடனே கேளுங்க.

மாஜிஸ்திரேட் முன்னாடி நிக்கற அந்த சில நிமிஷம்தான் 22ஆவது பிரிவோட உயிரே. ஞாயித்துக்கிழமையா இருந்தா அவரு வீட்டுலகூட நடக்கும், அங்கயும் நீங்க போகலாம், வக்கீல் போகணும். ‘போலீஸ் அடிச்சாங்களா?’ன்னு கேட்டா உண்மையைச் சொல்லணும், கேக்கலைன்னாலும் ‘ஐயா, ஒரு விஷயம் சொல்லணும்’னு தானாச் சொல்லணும், சட்டையைத் தூக்கிக் காட்டணும். எத்தனை மணிக்குப் பிடிச்சாங்கன்னும் சொல்லணும், உங்க மெயிலோட பிரிண்ட் அவுட்டை வக்கீல் அங்கயே கொடுக்கணும். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள கேஸா இருந்தா, கைது ஏன் அவசியம்னு போலீஸ் காரணம் காட்டணும்னு அர்னேஷ் குமார் தீர்ப்பு (2014) இருக்கு, அந்தக் காரணத்தைச் சரி பாக்காம இயந்திரம் மாதிரி ரிமாண்ட் பண்ணக் கூடாதுன்னு மாஜிஸ்திரேட்டுக்கும் அதுலயே எச்சரிக்கை இருக்கு. வக்கீல் இந்தத் தீர்ப்பைச் சொல்லி எதிர்ப்பைப் பதிவு பண்ணணும்.

24 மணி நேரம் தாண்டியும் கோர்ட்டுக்குக் கொண்டு வரலைன்னா ரெண்டு வழி. ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு, தென்மாவட்டம்னா மதுரைக் கிளை, அம்மா அப்பா நண்பர் யாரு வேணா போடலாம். இன்னொன்னு பலருக்குத் தெரியாது, பிஎன்எஸ்எஸ் 100ன் கீழ உள்ளூர் மாஜிஸ்திரேட்கிட்டயே மனு கொடுத்து, சட்டவிரோதமா அடைச்சு வெச்சிருக்கற ஆளைத் தேடிக் கொண்டு வர வாரன்ட் கேக்கலாம். எதுவா இருந்தாலும் சீக்கிரம், ஏன்னா ரிமாண்ட் ஆர்டர் வந்துட்டா பொதுவா ஆட்கொணர்வு மனு நிக்கறது கஷ்டம், பெயில் பக்கம்தான் போகணும்.

குண்டாஸ்ல போட்டா மேல சொன்ன 24 மணி நேரக் கணக்கு பொருந்தாது, 22ஆவது பிரிவே தடுப்புக் காவலுக்கு விலக்கு கொடுத்திருக்கு, அந்தப் பிரிவுல எனக்கு மனசு ஒப்பாத இடம் அதுதான். குண்டாஸ்னு சொல்ற 1982 குண்டர் தடுப்புச் சட்டப்படி 12 மாசம் வரை உள்ள வைக்கலாம். ஆனா காரணங்களை அஞ்சு நாளைக்குள்ள கொடுக்கணும், நீங்க அனுப்பற மனுவைத் தாமதம் இல்லாமப் பரிசீலிக்கணும். பக்கம் படிக்க முடியாம இருந்தாலோ, தமிழ் மொழிபெயர்ப்பு கொடுக்கலைன்னாலோ, மனுவுக்குப் பதில் இழுத்தடிச்சாலோ ஹைகோர்ட் அந்த ஆர்டரை ரத்து பண்ணுறது வழக்கம், அதனால மனுவை உடனே அனுப்பி ரசீதை பத்திரமா வைங்க.

ஆள் வெளிய வந்த பிறகு, அடி பட்டிருந்தா, முதல் வேலை ஸ்டேஷன் கேமரா பதிவு. எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா இருக்கணும், பதிவை 18 மாசம், குறைஞ்சது ஒரு வருஷமாவது வைக்கணும்னு 2020 டிசம்பர்ல பரம்வீர் சிங் சைனி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதே வருஷம் ஜூன்ல சாத்தான்குளத்துல ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்தப்ப, அந்த ஸ்டேஷன் கேமரா பதிவு தினமும் தானா அழியற மாதிரி செட் பண்ணியிருந்ததா விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு எழுதினார். அதனால ‘இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் உள்ள பதிவை அழிக்காம வைக்கணும்’னு எஸ்பிக்கு எழுதுங்க, மனித உரிமை ஆணையத்துக்குக் கொடுக்கற புகார்லயும் அந்தப் பதிவை வரவழைக்கச் சொல்லிக் கேளுங்க. புகார் தமிழ்ல, வெள்ளைப் பேப்பர்ல போதும், கட்டணம் கிடையாது. மாநில ஆணையத்துல போட்ட புகாரை டெல்லியில இருக்கற தேசிய மனித உரிமை ஆணையம் எடுத்துக்காது, அதனால எங்க போடறதுன்னு முதல்லயே வக்கீல்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க. சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டிட்டா ரெண்டு ஆணையமும் விசாரிக்க முடியாது.